குப்பியில் நொதி, கூடவே வேறென்ன?



மருத்துவ அறிவியல் பற்றிப் பொதுவாகப் பேசும்படி இந்த அறக்கட்டளையினர் கேட்டிருந்தார்கள். பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதன் பெயர் அஸ்பாரஜினேஸ். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் போடும் ஊசி. பரேல் டாடா நினைவு மருத்துவமனையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இந்த அரங்கில் இருந்தால் அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மருந்துச்சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தாலே அடுத்த ஊசி என்றைக்கு, எத்தனை யூனிட் என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஊசிக்குள் இருப்பது ஒரு பாக்டீரியாவின் உடலிலிருந்து எடுத்த நொதி. அதை எப்படி எடுக்கிறார்கள், எடுக்கும்போது கூடவே வந்துவிடுவது என்ன, அந்தக் கூட வருவதைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

தேவ்நாரில் நொதிகளைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான். 1971ல் இங்கே மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் வந்தது. மும்பைக்காரர்களுக்குத் தேவ்நார் என்றால் முதலில் ஞாபகம் வருவது அதுவும், 1927 முதல் இருக்கும் குப்பைமேடும்தான். டாடா சமூக அறிவியல் நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது என்று நாம் ரோஷத்தோடு சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உலகம் முழுவதிலும் மருந்து நொதிகளின் முதல் சுரங்கம் இறைச்சிக்கூடம்தான். பன்றியின் இரைப்பைச் சவ்விலிருந்து பெப்சின் எடுத்தார்கள். கணையத்திலிருந்து பேங்கிரியாட்டின், டிரிப்சின், கைமோட்ரிப்சின் எடுத்தார்கள். பல் பிடுங்கிய பிறகு வீக்கம் வடிய டாக்டர் எழுதித் தருவாரே, டிரிப்சினும் கைமோட்ரிப்சினும் சேர்ந்த மாத்திரை, அதன் பூர்வீகம் விலங்கின் கணையம்தான். சுத்த சைவக் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது. தெரிவித்து இன்று யாருடைய இரவுச் சாப்பாட்டையும் கெடுக்க நான் விரும்பவில்லை.

அஸ்பாரஜினேஸும் முதலில் ஒரு விலங்கிடமிருந்துதான் வந்தது. 1953ல் நியூயார்க்கில், கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜான் கிட் என்ற நோயியலாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். நிணநீர்ப் புற்றுக்கட்டி வந்த சுண்டெலிகளுக்குக் கினிப்பன்றியின் சீரத்தை ஊசி போட்டால் கட்டி கரைகிறது. குதிரையின் சீரத்தாலும் முயலின் சீரத்தாலும் அது நடக்கவில்லை. கினிப்பன்றியிடம் அப்படி என்ன இருக்கிறது? விடை ஏற்கெனவே அச்சில் இருந்தது, யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கினிப்பன்றியின் ரத்தத்தில் அஸ்பாரஜினேஸ் என்ற நொதி உண்டு என்று கிளெமெண்டி என்ற இத்தாலியர் 1922லேயே எழுதி வைத்திருந்தார். 1961ல் ஜான் புரூம்தான் இரண்டையும் இணைத்து, கட்டியைக் கரைப்பது இந்த நொதிதான் என்று சான்றுகளோடு காட்டினார்.

இந்த நொதி புற்றுநோய்ச் செல்லைத் தொடுவதே இல்லை. அது செய்வதெல்லாம் ரத்தத்தில் மிதக்கும் அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து, அஸ்பார்டிக் அமிலமாகவும் அமோனியாவாகவும் பிரிப்பது மட்டும்தான். நம் உடலின் பெரும்பாலான செல்கள் தமக்கு வேண்டிய அஸ்பாரஜினைத் தாமே செய்துகொள்ளும். லிம்போபிளாஸ்டிக் லுகேமியா எனப்படும் ரத்தப் புற்றின் செல்களுக்கு அந்தத் திறமை குறைவு. ரத்தத்தில் வருவதை நம்பித்தான் அவை பிழைக்கின்றன. வரத்து நின்றால் புரதம் கட்ட முடியாமல் மடிகின்றன. பிற்காலத்தில் குறிவைத்துத் தாக்கும் மருந்துகள் என்று எத்தனையோ வந்தன. புற்றுச் செல்லுக்கும் நல்ல செல்லுக்கும் உள்ள பசி வேறுபாட்டை வைத்தே வைத்தியம் செய்யலாம் என்பதை அவற்றுக்கெல்லாம் முன்னரே காட்டிய மருந்து இது.

1966ல் சிகாகோவில் 8 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கினிப்பன்றிச் சீரத்திலிருந்து எடுத்த நொதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சிறுவனுக்கே எத்தனை கினிப்பன்றிகள் வேண்டியிருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அந்த வழியில் ஒரு வார்டுக்கு மருந்து தேடினால் ஊரில் கினிப்பன்றி மிஞ்சாது. நல்ல வேளையாக அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1964ல், மாஷ்பர்னும் ரிஸ்டனும் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்த அஸ்பாரஜினேஸும் கட்டியைக் கரைக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஈ.கோலை நமக்குப் புதியதன்று. 1885ல் தியோடர் எஷரிச் என்ற ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் கைக்குழந்தைகளின் மலத்தில் கண்டெடுத்தது. குழந்தைகளின் குடலில் கிடைத்த உயிரியே குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு மருந்தானது.

ஈ.கோலை அஸ்பாரஜினேஸைச் செய்கிறது என்று தெரிந்ததும் செல்லை உடைத்து எடுத்துவிடலாமே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஈ.கோலை ஒரே வேலைக்கு இரண்டு அஸ்பாரஜினேஸ்களை வைத்திருக்கிறது. முதல் வகை செல்லின் உட்புறத்தில் இருக்கிறது. அஸ்பாரஜின் ஏராளமாக இருந்தால்தான் வேலை செய்யும். நம் ரத்தத்தில் அஸ்பாரஜின் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 50 மைக்ரோமோல்தான் இருக்கிறது. முதல் வகை நொதிக்கு அது கண்ணிலேயே படாது. இரண்டாம் வகையோ 10 மைக்ரோமோல் அளவிலும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். மருந்தாவது இந்த இரண்டாவது மட்டும்தான்.

அது இருக்கும் இடமும் வேறு. ஈ.கோலைக்கு இரண்டு சவ்வுகள், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு. கோயிலில் வெளிமதிலுக்கும் கருவறைச் சுவருக்கும் நடுவே பிராகாரம் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகை கருவறையில்; நமக்கு வேண்டிய இரண்டாம் வகை பிராகாரத்தில். ஆகவே கருவறையை இடிக்காமல் வெளிமதிலில் மட்டும் வழி திறந்தால், தேடிய பொருள் ஓரளவு தனியாகவே வெளியே வந்துவிடும். ஈ.கோலையின் மரபணுத் தொகுப்பு புரதங்களுக்கென்று 4,000க்கு மேற்பட்ட மரபணுக்களை வைத்திருக்கிறது. அவற்றில் பிராகாரவாசிகள் சில நூறு பேர்தான். தேடும் கூட்டம் அங்கேயே பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடுகிறது.

இந்த நொதி அதிகமாக உருவாக வேண்டுமென்றால் பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் மூச்சு முட்ட வேண்டும். சீடாரும் ஷ்வார்ட்ஸும் 1960களின் கடைசியில் காட்டியது இது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போது ஈ.கோலை இரண்டாம் வகையைச் செய்வதில் அக்கறை காட்டாது. காற்றைக் குறைத்து, அமினோ அமிலங்களை நிறையக் கொடுத்து, குளுக்கோஸைக் காட்டாமல் வைத்திருந்தால் அளவு பல மடங்கு ஏறும். பாக்டீரியாவை வளர்க்கும் பெர்மென்டரை ஓட்டுகிறவர் பார்வையில் இது தலைவலி. செல் பெருகக் காற்று வேண்டும், நொதி பெருகக் காற்று கூடாது. இரண்டுக்கும் நடுவே எந்த மணி நேரத்தில் வால்வைத் திருகுவது என்பதில்தான் ஒரு பேட்சின் லாபமும் நட்டமும்.

வளர்ந்த திரவத்தைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் செல்கள் அடியில் படியும். வெளிர் பழுப்பு நிறம், களிம்புப் பதம். மூடியைத் திறந்ததும் ஒரு வாடை அடிக்கும். ஈ.கோலை ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்கு அது வீட்டு வாசனை. இண்டோல் என்ற வேதிப்பொருளின் வாடை அது. இதே இண்டோல்தான் மிகச் சிறிய அளவில் மல்லிகையின் மணத்திலும் இருக்கிறது. மாட்டுங்காவில் பூக்கட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்தச் செல்களை 20 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் கலக்குவார்கள். கூடவே ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு. வெளிச்சவ்வை இழுத்துப் பிடித்திருக்கும் மெக்னீசியம், கால்சியம் அயனிகளை அது உருவிவிடும். சர்க்கரையின் அடர்த்தி தாங்காமல் செல்லின் உட்பகுதி நீரை இழந்து சுருங்கும். சற்று நேரம் கழித்து மறுபடி சுற்றி, சர்க்கரைநீரை வடித்துவிட்டு, செல்களைச் சட்டென்று பனிக்கட்டி போலக் குளிர்ந்த, உப்பு மிகக் குறைந்த நீரில் கலக்க வேண்டும். தயங்கிக் கலக்கினால் வீண். நீர் ஒரேயடியாக உள்ளே பாயும். தளர்ந்திருந்த வெளிச்சவ்வு கிழியும். உள்சவ்வு விரிந்து கொடுத்துத் தாங்கிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் இடுக்கிலிருந்த புரதங்கள் நீருக்கு வந்துவிடும். நியூவும் ஹெப்பலும் 1965ல் எழுதி வைத்த முறை இது. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. சர்க்கரை, ஐஸ், ஒரு சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் போதும். உயிர்வேதியியலில் இதைவிட அழகான சோதனையை மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆனால் ஆயிரக்கணக்கான லிட்டர் கையாளும் தொழிற்சாலைக்கு இந்த அழகு கட்டுபடியாகாமல் போகலாம். அத்தனை சர்க்கரை, அத்தனை குளிர்ந்த நீர், திரும்பத் திரும்பச் சென்ட்ரிஃபியூஜ் ஓட்டும் மின்சாரம். வேறு வழி, செல்லை முழுதாக உடைப்பது. பாலில் கொழுப்பைச் சீராகக் கலக்கப் பயன்படும் ஹோமோஜினைசரின் வம்சத்தில் வந்த இயந்திரம் உண்டு. செல் குழம்பை நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் ஒரு மெல்லிய இடுக்கு வழியே பீய்ச்சினால் செல்கள் சிதறும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் எல்லாமே வெளியே வந்துவிடும். டி.என்.ஏ. கலந்ததும் திரவம் கொழகொழத்து, பிப்பெட்டைத் தூக்கினால் நூலாக இழுபடும். ஆயிரக்கணக்கான உட்புரதங்கள், அவற்றில் பல மற்ற புரதங்களை வெட்டும் நொதிகள், எல்லாவற்றோடும் நமக்கு வேண்டிய ஒன்று கலந்து கிடக்கும். உடைப்பதில் மிச்சம் பிடித்த பணத்தைச் சுத்திகரிப்பில் செலவழித்தாக வேண்டும். செலவழிக்கிறார்களா என்பதுதான் கேள்வி, அதற்கு வருகிறேன்.

சுத்திகரிப்பு என்பது பல படிகள். முதலில் டி.என்.ஏ.வைப் படிய வைத்து நீக்குவது. பிறகு அம்மோனியம் சல்ஃபேட் சேர்த்துப் புரதங்களைத் தவணை தவணையாக வீழ்படிவாக்குவது. மின்னூட்டத்தை வைத்துப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபித் தூண், அளவை வைத்துப் பிரிக்கும் தூண், வடிகட்டல், கடைசியில் உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்துதல். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நொதி போகும். படிக்கு 80 சதவீதம் மீண்டால் கெட்டிக்காரர் என்பார்கள். அப்படியே ஆறு படிகள் ஏறினால் கடைசியில் கையில் நிற்பது முதலில் இருந்ததில் 26 சதவீதம். கணக்கு தெரிந்த முதலாளிக்கு உடனே ஒரு யோசனை வரும்: ஒரு படியைக் குறைத்தால் என்ன? குறைத்தால் 33 சதவீதம் கிடைக்கும். அதே பெர்மென்டரில் கால் பங்கு அதிகக் குப்பிகள் நிரம்பும். இந்த ஒரு வரிக் கணக்கு தெரியாமல் மருந்து விலையைப் பற்றிப் பேச முடியாது.

விடாமல் துரத்த வேண்டிய அழுக்கு ஒன்று உண்டு: எண்டோடாக்சின். ஈ.கோலையின் வெளிச்சவ்வே பாதி அதனால் ஆனது. ஊசி வழியே ரத்தத்தில் போனால் காய்ச்சல், நடுக்கம், அளவு மீறினால் ரத்த அழுத்தம் வீழ்ந்து உயிரே போகும். பாக்டீரியாவைத் தடுக்கும் நுண்வடிகட்டி இதைத் தடுக்காது. ஆட்டோகிளேவில் வைத்தாலும் இது அசையாது. கண்ணாடிப் பாத்திரங்களிலிருந்து இதை ஒழிக்க 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைப்பார்கள். நொதியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. ரத்தத்தில் செலுத்தும் மருந்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு, உடல் எடை கிலோவுக்கு மணிக்கு 5 எண்டோடாக்சின் யூனிட். இதை அளக்கும் வழக்கமான சோதனைக்கு ஒரு கடல் உயிரியின் நீல ரத்தம் வேண்டும்: குதிரைலாட நண்டு. அதன் ரத்த அணுச்சாறு எண்டோடாக்சின் பட்டதும் உறைந்துவிடும். இந்த நண்டு குடும்பத்தைச் சேர்ந்தவை நம் ஒடிசாக் கரையிலும் உண்டு.

இனி லேபிளுக்கு வருவோம். குப்பியின் மேல் 5,000 யூனிட் என்றோ 10,000 யூனிட் என்றோ போட்டிருக்கும். யூனிட் என்பது எடை அல்ல. 37 டிகிரியில், ஒரு நிமிடத்தில், ஒரு மைக்ரோமோல் அமோனியாவை விடுவிக்கும் நொதியின் அளவு ஒரு யூனிட். அளக்கும் பழைய முறை, அமோனியா வெளிவந்த கரைசலில் நெஸ்லர் திரவத்தை ஊற்றுவது. நிறமற்ற குழாய் மஞ்சளாகி, அமோனியா கூடக்கூட ஆரஞ்சுப் பழுப்பு வரை போகும். மாணவர்கள் வரிசையாகக் குழாய்களை அடுக்கி வைத்து நிறம் ஏறுவதைப் பார்க்கும்போது ஏதோ சாதித்துவிட்டதாக முகம் மலர்வார்கள். சாதித்திருப்பது பாதிதான். நிறம் சொல்வது நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை. கூட எத்தனை புரதங்கள் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கின்றன என்பதை அது சொல்லாது.

சுத்தமான ஈ.கோலை அஸ்பாரஜினேஸ் ஒரு மில்லிகிராமுக்கு 225 யூனிட்டாவது காட்ட வேண்டும் என்பது அமெரிக்காவில் 1978ல் ஒப்புதல் பெற்ற பழைய தயாரிப்பின் அளவுகோல். அப்படியானால் 5,000 யூனிட் குப்பியில் 22 மில்லிகிராம் புரதம் இருக்கும். இன்னொரு தயாரிப்பாளர் ஒரு படியைக் குறைத்துக்கொண்டார் என்று வையுங்கள். அவருடைய 5,000 யூனிட்டில் 35 மில்லிகிராம் புரதம் இருக்கலாம். அந்த உபரி 13 மில்லிகிராம் என்ன? ஈ.கோலையின் வேறு புரதங்கள். லேபிள் இரண்டிலும் ஒன்றுதான். கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. நிரப்பியாகச் சேர்க்கும் மேனிட்டால் பொடியில் எல்லாம் ஒரே வெள்ளை.

அந்த உபரிப் புரதத்தால் என்ன கேடு? உடல் அந்நியப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் செய்யும். எதிர்ப்பு மூண்டால் சில குழந்தைகளுக்கு உடல் தடித்து மூச்சு திணறும். அது கண்ணுக்குத் தெரியும், மருத்துவர் மருந்தை நிறுத்துவார். வேறு சில குழந்தைகளுக்கு வெளியில் எந்த அறிகுறியும் இருக்காது. எதிர்ப்பொருள்கள் நொதியைப் பிடித்து ரத்தத்திலிருந்து அகற்றிக்கொண்டே இருக்கும். ஊசி போட்ட கணக்கு கோப்பில் சரியாக இருக்கும், தாய் ஒரு நாளும் தவறாமல் கூட்டி வந்திருப்பாள், பிள்ளையின் ரத்தத்தில் மட்டும் மருந்து இருக்காது. இந்த இரண்டாவது நிலைதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது.

இது வெறும் ஊகம் அன்று. 2017ல் பிரேசில் அரசு விலை குறைந்த சீனத் தயாரிப்பு ஒன்றை வாங்கியது. காம்பினாஸ் நகரில் குழந்தைப் புற்றுநோய்க்கான போல்ட்ரினி மையம் அதைத் தம் பிள்ளைகளுக்குப் போட மறுத்து, சோதனைக்கு அனுப்பியது. புரதத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் வேறு பாக்டீரியப் புரதங்கள். அதுவரை வாங்கிக்கொண்டிருந்த தயாரிப்பில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. வழக்கு நீதிமன்றம் வரை போனது.

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் இங்கே விற்கும் பல பொதுப்பெயர் அஸ்பாரஜினேஸ்களை ஆய்வகத்திலும், குழந்தைகளின் ரத்தத்திலும் ஒப்பிட்டு 2020ல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு கொல்கத்தாவில் வாஸ்கர் சாஹாவின் குழு வெளியிட்ட ஆய்வு, இந்தியச் சந்தைத் தயாரிப்புகளின் தரம் திருப்தியாக இல்லை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது. விஞ்ஞானக் கட்டுரைகள் பொதுவாக மென்று முழுங்கித்தான் பேசும். தலைப்பிலேயே போட்டு உடைத்திருக்கிறார்கள் என்றால் விஷயம் அவ்வளவு முற்றியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது இந்தியாவில் இந்த மருந்து செய்த நன்மையையும் சொல்லியாக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் இந்த நோய் வந்த இந்தியக் குழந்தைகளில் ஐந்தில் ஒன்று பிழைத்தால் அதிகம். 1984ல் எம்.சி.பி.-841 என்ற சிகிச்சைத் திட்டம் வகுக்கப்பட்டது. அமெரிக்காவின் இயன் மெக்ராத், மும்பையில் சுரேஷ் அத்வானி, அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் டாக்டர் சாந்தா, டெல்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் என்று பலர் சேர்ந்து, மூன்று மருத்துவமனைகளிலும் ஒரே முறையைக் கையாண்டார்கள். வின்கிறிஸ்டின், பிரட்னிசலோன், டவுனோரூபிசின் ஆகியவற்றோடு அஸ்பாரஜினேஸும் அதில் ஆரம்பத்திலேயே உண்டு: உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 6,000 யூனிட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிழைப்பவர்கள் விகிதம் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபட்டாலும், பாதியைத் தொடுமளவுக்கும் அதற்கு மேலும் ஏறியது. மேலை நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். இடையில் உள்ள தூரத்துக்குப் பல காரணங்கள்: தாமதமாக வருவது, தொற்று, பணமில்லாமல் பாதியில் நின்றுவிடுவது. அவற்றை ஒரே நாளில் தீர்க்க முடியாது. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் நாளைக்கே சரிசெய்யலாம். அதனால்தான் அதை இத்தனை நேரம் பேசுகிறேன்.

இங்கே என் துறைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் என்றால் மண்ணிலிருந்து அஸ்பாரஜினேஸ் செய்யும் நுண்ணுயிரைத் தேடுவது ஒரு சடங்காகிவிட்டது. வயல் மண், கடல் சேறு, குப்பைமேடு எதையும் விடுவதில்லை. தேவ்நார் குப்பைமேட்டை மட்டும் விட்டிருப்பார்களா என்ன! சோதனை எளிது. தட்டில் அஸ்பாரஜினையும் ஃபீனால் ரெட் சாயத்தையும் கலந்து வைத்தால், நொதி செய்யும் உயிரியைச் சுற்றி அமோனியாவால் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாகும். டெல்லிப் பல்கலைக்கழகத்தார் 1997ல் எழுதிய முறை. படம் நன்றாக இருக்கும், கட்டுரையும் வரும். பையனுக்கோ பெண்ணுக்கோ நுண்ணுயிரியல் பழகும், அது நல்லதுதான். ஆனால் 'புதிய அஸ்பாரஜினேஸ்' என்ற தலைப்போடு வந்த கட்டுரைகளின் குவியலைப் பார்க்கும்போது எனக்கு ஆயாசம் வருகிறது. நொதி கிடைக்கவில்லை என்று எந்தக் குழந்தையும் காத்திருக்கவில்லை. சுத்தமாக, அரைவாழ்வு நீண்டதாக, எதிர்ப்பைத் தூண்டாததாக வேண்டும் என்றுதான் காத்திருக்கிறது. அந்த வேலைக்குப் பத்தாண்டு பொறுமையும் மருத்துவமனையோடு உறவும் வேண்டும். சண்டிகரில் கிரீஷ் சாஹ்னியின் குழு மாரடைப்புக்கான ஸ்ட்ரெப்டோகைனேஸில் அதைச் செய்து காட்டியது; சந்தைக்கே கொண்டுவந்தார்கள். அஸ்பாரஜினேஸிலும் இந்தூர் ஐ.ஐ.டி.யில் புரதத்தின் அமினோ அமிலங்களை மாற்றியமைத்து உருவாக்கிய ஒரு வடிவம், வாஷிப் பாலத்துக்கு அப்பால் கார்கரில் இருக்கும் டாடா மையத்தில் முதற்கட்ட மனிதச் சோதனைக்கு வந்தது. அந்தப் பாதை சரியான பாதை.

ஈ.கோலை நொதி ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மாற்று ஒன்று உண்டு. காய்கறிகளை அழுக வைக்கும் எர்வினியா என்ற பாக்டீரியாவின் அஸ்பாரஜினேஸ். இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூடத்தில் உருவானது. உலகத்துக்கே தயாரிப்பிடம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பல ஆண்டுகள் பணக்கார நாடுகளிலேயே தட்டுப்பாடு. 2021 ஜூனில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புதிய வடிவத்தைச் சூடோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்கிறார்கள். விலையைக் கேட்டால் நம் ஊர் மருத்துவமனைகள் பெயரைக்கூடச் சொல்லாது. ஆகவே முதல் மருந்தையே ஒழுங்காகக் கொடுப்பதைத் தவிர நமக்கு வழி குறைவு.

ஒழுங்காகக் கொடுப்பது எப்படி? டெண்டர் கேட்கும் அரசு, அறக்கட்டளை மருத்துவமனைகள் 10,000 யூனிட் என்ன விலை என்று மட்டும் கேட்காமல், மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை யூனிட், வேற்றுப் புரதம் எத்தனை சதவீதம், எண்டோடாக்சின் எவ்வளவு என்று பேட்ச்வாரியாகச் சான்றிதழ் கேட்க வேண்டும். தயாரிப்பாளரிடம் அந்த எண்கள் இருக்கும். இல்லையென்றால் அவரிடம் வாங்கக் கூடாது.

இன்னொன்று, பிள்ளையின் ரத்தத்தில் அளந்து பார்ப்பது. அஸ்பாரஜின் தீர்ந்துவிட்டதா என்று நேரே அளப்பது கடினம். ரத்தத்தைக் குழாயில் எடுத்த பிறகும் நொதி தன் வேலையை நிறுத்தாது. ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் இருந்த அஸ்பாரஜினையும் தின்றுவிட்டிருக்கும். அதனால் நொதியின் வீரியத்தையே அளக்கிறார்கள். அடுத்த ஊசிக்குச் சற்று முன் எடுத்த ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 0.1 யூனிட் இருக்க வேண்டும் என்பது ஏற்றுக்கொண்ட வரம்பு. பழைய ஈ.கோலை நொதியின் அரைவாழ்வு ஒன்றேகால் நாள்தான் என்பதால், குப்பியில் குறை இருந்தால் இந்த எண்ணில் உடனே தெரியும். காய்ச்சல், தடிப்பு எதுவும் இல்லாமல் மருந்து காணாமல் போகும் பிள்ளையையும் இதுதான் பிடித்துக்கொடுக்கும்.

இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் நோயாளிக் குழந்தைகளின் குடும்பங்களுக்குத் தங்கும் செலவும் பயணச் செலவும் தருகிறது என்று கேள்விப்பட்டேன். அதில் ஒரு பகுதியை இந்த ரத்தச் சோதனைக்கு ஒதுக்கலாமா என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஒதுக்குவதாக இருந்தால் படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்து அச்சடியுங்கள். பிள்ளையின் பெயர், எடை, ஊசி போட்ட தேதி, நேரம் எல்லாம் வழக்கமாக எழுதுவார்கள். குப்பியின் பேட்ச் எண்ணைத்தான் எழுதமாட்டார்கள். ஊசி போட்டதும் காலிக்குப்பி குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். பேட்ச் எண் இல்லாமல் வரும் முடிவை வைத்து அந்த ஒரு பிள்ளைக்கு மருந்தை மாற்றலாம். அதே பெட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட மற்ற பிள்ளைகள் யார் யார் என்று கண்டுபிடிக்க முடியாது.